புதுக் கிட்னி, ஏறுற பிரஷர்: முதல்ல ஏன் டாப்ளர்?

தென்காசியிலிருந்து ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட அப்பாவுக்குக் கிட்னி மாத்தி எட்டு மாசம் ஆகுது. இப்போ நாலு வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கல, கிரியேட்டினினும் மெல்ல ஏறுது. டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எழுதியிருக்கார். "அது சாதா ஸ்கேன்தானே, நேரா மதுரைக்குப் போய் சி.டி. எடுத்துடலாமா?" இதுதான் கேள்வி.

மாத்தின கிட்னியை முதுகுப் பக்கம் வைக்கிறதில்ல. அடிவயித்துல, இடுப்பெலும்புக்கு உள்பக்கமா வெச்சு, அங்க ஓடுற ரத்தக்குழாயோட இணைக்கிறாங்க. அந்தத் தையல் பக்கத்துல குழாய் சுருங்கலாம். பெரும்பாலும் 3 மாசத்துல இருந்து 2 வருஷத்துக்குள்ள. ரத்தம் குறைவா வந்ததும் கிட்னி, உடம்புலயே பிரஷர் இறங்கிடுச்சுன்னு தப்பா நினைச்சு ரெனினை விடுது. பிரஷர் எகிறுது. பிரஷர் ஏற மருந்து, ரிஜெக்‌ஷன்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா சுருக்கம்னா பலூன், ஸ்டென்ட் வெச்சுத் திறக்க வழி இருக்கு. விட்டுட்டா, ஒருத்தர் கொடுத்த கிட்னியே போயிடலாம்.

இனி டாப்ளர். கிட்னி தோலுக்குப் பக்கத்துலயே இருக்கிறதால ஒலி அலை அதுக்கு நல்லா எட்டும். ஊசி இல்ல, டை இல்ல, கதிர்வீச்சு இல்ல. ஹோஸ் பைப் வாயைக் கட்டைவிரலால அமுக்கினா தண்ணி பீச்சும்ல, அதே மாதிரி சுருங்கின இடத்துல ரத்தம் வேகமெடுக்கும். ஆனா அதைத் தாண்டி கிட்னிக்குள்ள போனதும் துடிப்பு தளர்ந்து, தாமதமா எழும். டார்டஸ் பார்வஸ்னு சொல்வாங்க. குற்றாலம் மெயின் அருவி நடுவுல பொங்குமாங்கடல்ல விழுந்து, வேகம் தணிஞ்சுதானே நம்ம தலைக்கு வருது? காரணம் வேற, ஆனா கீழ வந்து சேர்ற விசை குறையறது ஒண்ணுதான்.

சிக்கல் நம்பர்ல இருக்கு. நொடிக்கு 200 சென்டிமீட்டர் தாண்டினாலே சந்தேகப்படுறவங்க உண்டு, 300 வரைக்கும் பொறுக்கிறவங்களும் உண்டு. ஆன்-கால் பார்த்தவங்களுக்குப் புரியும்: அலர்ட் அளவைக் குறைச்சா ராத்திரி முழுக்கப் பொய் அலாரம், கூட்டினா நிஜப் பிரச்சினை நழுவிடும். குழாய் வளைஞ்சிருந்தாலும், ப்ரோப் பிடிக்கிற கோணம் மாறினாலும் நம்பர் மாறும். அதனால மாத்தின கிட்னியை அடிக்கடி பார்க்கிற கை முக்கியம். என்னைக் கேட்டா, மதுரைக்கு 160 கிலோமீட்டர் போறதுன்னா அந்தக் கைக்காகப் போங்க, மெஷினுக்காக இல்ல.

சி.டி. ஆஞ்சியோ படம் பிரமாதமா இருக்கும். ஆனா அயோடின் டை ஏத்தணும், ஏற்கனவே திணறுற கிட்னிக்கு அது பாரம். எம்.ஆர்.ல கடோலினியம். கிட்னி ரொம்ப மோசமானவங்களுக்குத் தோல் இறுகுற நோயோட அதுக்குத் தொடர்பு இருக்குன்னு 2006-ல தெரிய வந்துச்சு. இப்போதைய புது வகைகள்ல அந்த ஆபத்து ரொம்பக் குறைவு, டை இல்லாமலும் எம்.ஆர். எடுக்கலாம். கடைசித் தீர்ப்பு குழாய் விட்டு எடுக்கிற ஆஞ்சியோகிராம். அங்கேயே பலூனும் போட்டுடலாம், அயோடினைக் குறைக்கக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை உபயோகிக்கிறதும் உண்டு.

அதனால நண்பா, முதல்ல டாப்ளர். அதுல சந்தேகம் வந்தா அடுத்தது எதுன்னு டாக்டரோட உட்கார்ந்து பேசுங்க. நடுவுல அப்பாவுக்குத் திடீர்னு மூச்சுத் திணறினா ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போங்க. ஸ்கேனுக்குப் போறப்ப ஆபரேஷன் குறிப்பைக் கையில எடுத்துக்கோங்க. எந்தக் குழாயோட எப்படித் தைச்சாங்கன்னு அதுலதான் இருக்கும், ப்ரோப் பிடிக்கிறவங்க முதல்ல தேடுற இடம் அது.