டவுன் ஆஸ்பத்திரியும் தோட்டத்து டிஸ்பென்சரியும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரஷரும் சீனி வருத்தமும் டவுனில் இருப்பவருக்கும் வருகின்றன, லயத்தில் இருப்பவருக்கும் வருகின்றன. வருத்தம் ஒன்றுதான். ஆனால் மருந்துக்குப் போகும் வழி ஒன்றல்ல.

நுவரெலியா டவுனில் இருப்பவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார். எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர் பார்க்கிறார். இரத்தம் சோதிக்க அங்கேயே வசதி இருக்கிறது. நமக்கு முதல் படி தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். பல இடங்களில் ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டங்களைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கையில் இருப்பதை வைத்துத்தானே அவரும் வேலை செய்ய முடியும்?

இந்த வித்தியாசம் மலையால் வந்ததல்ல, தூரத்தால் மட்டும் வந்ததுமல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைச் சட்டம், தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பில் விட்டது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அப்போதும் நமது டிஸ்பென்சரி தோட்டத்தோடுதான் இருந்தது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. 1990களிலிருந்து சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. ஆனால் எத்தனையோ டிஸ்பென்சரிகள் இன்னும் நிர்வாகத்தின் கையில்தான்.

அரசு பொறுப்பெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. பிள்ளைகளின் தடுப்பூசியும் கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் மேற்பார்வையில் நடக்கின்றன. டவுன் பிள்ளைக்குப் போடும் அதே ஊசியைத்தான் நம் பிள்ளைக்கும் போடுகிறார்கள். பிள்ளைக்கு முடிகிறது என்றால், கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஏன் முடியாது?

இன்னொரு விஷயம். டவுன் கிளினிக்குக்குப் போனால் நமக்கு அன்றைய பேர் போய்விடும். பஸ்ஸுக்கும் காசு வேண்டும். அதனால்தான் பலர் தலைசுற்றல் நின்றதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தாய்மாரே, தலைசுற்றல் நின்றாலும் பிரஷர் இருக்கும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாரிசவாதம் வந்து விழுந்தால் போவது ஒரு பேர் அல்ல, குடும்பத்தின் வருமானமே. திடீரென்று ஒரு கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, நெஞ்சு வலித்தாலோ லொறிக்குக் காத்திருக்காமல் உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸுக்குக் காசில்லை.

தோட்டக் கமிட்டிகள் இன்றிலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்த நாள், இல்லையென்று சொன்ன மருந்து, லொறி கிடைக்காத நேரம் எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் வாய்ப்பேச்சை விட அந்தக் கொப்பிக்குப் பலம் அதிகம்.

நமது கோரிக்கைகள் மூன்று. டிஸ்பென்சரிகளை அரசு பொறுப்பேற்க வேண்டும். அதுவரை மாதம் ஒரு முறையாவது அரசாங்க டாக்டர் தோட்டத்துக்கு வந்து கிளினிக் நடத்த வேண்டும். கிளினிக் துண்டு காட்டுபவருக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது.

தோட்டப் பாடசாலைகளை அரசு எடுக்காது என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். கேட்டோம், போராடினோம், எடுத்தது. வைத்தியத்தையும் அப்படியே கேட்போம். நாம் கேட்பது சலுகை அல்ல. இந்த நாட்டு மக்கள் எல்லோருக்கும் உள்ள உரிமை.