செல்போன் சொன்னா சரியாத்தான் இருக்குமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னிக்கு கடன், சேமிப்பு பற்றி இல்லீங்க. நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதிக்கிட்டுப் போற புராஜெக்ட் பற்றிப் பேச வந்திருக்கோம்.

போன மாதம் ஒரு குழுவுக்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவரின் மகள், ஒன்பதாவது படிக்கிறாள், அழுதுகிட்டு உட்கார்ந்திருந்தாள். புதுச்சேரி விடுதலை பற்றி புராஜெக்ட். செல்போனில் தேடி 1947 ஆகஸ்ட் 15 என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து மார்க்கைக் குறைத்துவிட்டார். கூடப் படிக்கிற ஒருத்தி 1954 என்கிறாள், இன்னொருத்தி 1962 என்கிறாள். எல்லோருமே நெட்டில் பார்த்ததுதான். "எனக்கு இங்கிலீசும் தெரியாது, நெட்டும் தெரியாது. நான் எதைச் சரின்னு சொல்லுவேன் மேடம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

விஷயம் இதுதான். 1947-ல் இந்தியாவை விட்டு ஆங்கிலேயர்தான் போனார்கள். நம்ம ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி தொடர்ந்தது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். மனையை நம்ம கைக்கு வாங்கிக்கிறது ஒரு நாள், பத்திரம் பதிவாகிறது இன்னொரு நாள். அது மாதிரிதான். ஆக 1954-ம் பொய்யில்லை, 1962-ம் பொய்யில்லை. இதை விளக்காமல் ஒரு தேதியை மட்டும் போடுகிற பக்கத்தை நம்பினால்தான் பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

இதைச் சரிபார்க்க இங்கிலீசு வேண்டாம். குழுவில் நாம என்ன செய்கிறோம்? பணம் கட்டிட்டேன்னு வாயால் சொன்னால் ஒத்துக்கொள்கிறோமா? பாஸ்புக்கைப் பார்க்கிறோம், பேரேட்டைப் பார்க்கிறோம், தீர்மான நோட்டில் கையெழுத்து இருக்கான்னு பார்க்கிறோம். பிள்ளைகிட்டயும் அதையே கேளுங்க. யார் எழுதினது? பேர் இருக்கா? அவருக்கு எப்படித் தெரியும்? எந்த வருஷம் எழுதினது? வேற இடத்திலயும் இப்படித்தான் இருக்கா?

இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. பத்து பக்கத்தில் ஒரே வரி ஒரே மாதிரி இருந்தால் அது பத்து சாட்சி இல்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதும் இப்படித்தான். விக்கிப்பீடியாவை யாரும் திருத்தலாம். அதனால் அதை ஒதுக்க வேண்டாம். அடியில் 'மேற்கோள்கள்' என்று இருக்கும், அதில் என்ன புத்தகம் சொல்லியிருக்கு என்று பார்க்கச் சொல்லுங்க. இப்போ கேள்வி கேட்டால் போனே கட்டுரை எழுதித் தருகிறது. அதற்கும் இதே கேள்விகள்தான். இன்னொன்று, 2006 வரைக்கும் நம்ம ஊருக்கு அரசுப் பெயர் பாண்டிச்சேரி. அந்தப் பெயரிலும் தேடினால்தான் பழைய ஆவணங்கள் வரும்.

அந்தப் பொண்ணும் அம்மாவும் சனிக்கிழமை ரோமன் ரோலண்ட் நூலகம் போனார்கள். 1827-ல் ஆரம்பித்த நூலகம், நம்மில் பலர் வாசலைத் தாண்டியிருக்க மாட்டோம். புத்தகம் பார்த்து, தேதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று திரும்ப எழுதினாள். மார்க் கூடவில்லை. டீச்சர் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம்.

அடுத்த கூட்டத்துக்கு பாஸ்புக்கோடு பிள்ளைங்க புராஜெக்ட் நோட்டையும் எடுத்துட்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.