பட்டான் கல்

 

தன் பாட்டன் எந்தப் படையில் இருந்தான், எந்தக் களத்தில் நின்றான், எங்கு வீழ்ந்தான் என்று பெயரன் தேடுவது உலகெங்கும் இன்று பெருகிவரும் முயற்சி. ஆங்கிலேயர் இதற்கெனத் தம் ஆவணக் காப்பகங்களை நாடுகின்றனர். ஆனால் அங்குக் கிடைப்பது என்ன? முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயப் படைஞரின் பணியேடுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, 1940ஆம் ஆண்டு இலண்டன் மீது செருமானியர் வீசிய குண்டால் எரிந்து சாம்பராயின. தாளில் எழுதிய மறம் தீயில் மறைந்தது.

அப்போரில் ஆங்கிலேயர்க்காகக் குருதி சிந்திய இந்தியரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஈராக்கு நாட்டின் பசுரா நினைவகத்தில் ஆங்கிலேயப் படைஞர்க்கும் இந்திய அதிகாரிகட்கும் பெயர் பொறித்தனர். கீழ்நிலை இந்தியப் படைஞர்க்கோ, இத்தனை பேர் என்ற எண் மட்டுமே பொறித்தனர். பெயர் தலைவனுக்கு, எண் தொண்டனுக்கு! இஃது அயலான் வகுத்த முறை.

தமிழன் வகுத்த முறை யாது? ஊர்க்காக உயிர் தந்தவன் எத்துணை எளியவனாயினும் அவன் பெயரைக் கல்லில் பொறித்து நட்டான். கல்லைத் தேர்ந்து காண்டல் முதல் வாழ்த்தல் ஈறாக அதற்குரிய ஆறு துறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றது. தகடூர் அதியமானின் நடுகல்லை ஔவையார் பாடினார். அத்தகடூரே இன்றைய தருமபுரி. அதனின்று 2004ஆம் ஆண்டு பிரிந்ததே கிருட்டிணகிரி மாவட்டம்.

இம்மாவட்டத்தை அடுத்துள்ள செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல்லை எண்ணிப் பாருங்கள். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன், நட்ட கல் அது. ஆண்டு உண்டு, அரசன் பெயர் உண்டு, மறவன் பணிசெய்த தலைவன் பொற்றொக்கையாரின் பெயர் உண்டு, எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தியின் பெயரும் உண்டு. அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த நாய்க்கும் கோவிவன் என்ற பெயர் பொறிக்கப்பட்டது. நாயின் பெயரையும் மறவாத நாட்டிலிருந்து சென்ற மாந்தனைத்தான் பசுராவில் எண்ணாக்கினர்! ஒரு படைஞனின் பணியேட்டில் இருக்கவேண்டியவை எவையோ, அவை யாவும் அந்த ஒரு கல்லில் உள்ளன.

அக்கற்களின் மொழியையும் காண்க. ஆநிரைக்குத் தொறு என்றனர். போரில் உயிர் நீத்தவனைப் பட்டான் என்றனர். நாம் இன்று வீரமரணம் எய்தினார் என்று வடசொல்லைக் கடன் வாங்கி எழுதுவதை, நம் முன்னோர் ஒரே தமிழ்வினையால் முடித்தனர். வட்டெழுத்தில் அமைந்த அந்நடை புலவர்க்காக எழுதியதன்று; ஊரார் பேச்சினின்று எடுத்தது.

இக்கற்கள் எங்கே உள்ளன? வேடியப்பன் என்று இப்பகுதி மக்கள் பொங்கலிட்டு வழிபடும் கற்களுட் பல நடுகற்களே. செவிடபாடி என்று பழங்கல்வெட்டுகள் குறிக்கும் ஊரே இன்றைய ஒசூர். அங்குள்ள தொழிற்சாலைக்குக் காலையில் மிதிவண்டியில் செல்லும் வேடியப்பன் என்னும் இளைஞனின் பெயரிலேயே ஒரு பழம்போர் உறைந்து கிடக்கின்றது. தெய்வமாக வணங்கும் அவன் அக்கல்லைப் படைமறவனாக அறிந்தானில்லை. போசளன் வீர இராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் தலைநகராகக் கொண்ட குந்தாணி, கிருட்டிணகிரியை அடுத்த சின்னக்கொத்தூர்ப் பகுதியில்தான் இருந்தது. அங்கும் நடுகற்கள் நிற்கின்றன.

இஃது எல்லை மண். கன்னடக் கற்களும் இங்குண்டு. அவற்றையும் அழியாது காத்தல் நம் கடன். பிறன் பாட்டனின் கல்லைப் பழித்துத் தன் பாட்டனைப் போற்றுவது தமிழ்ப் பண்பன்று. ஆயின் தமிழ்க் கல்லைத் தமிழனே படிக்கமாட்டாமல் நிற்பது அதனினும் பெரும் பழியன்றோ?

1970களிலிருந்து இங்குத் தொழிற்பேட்டைகள் எழுந்தன. பிழைப்புக்கு ஆலை வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் நிலத்தைச் சமன் செய்யும் பொறிக்குக் கல்லும் கல்வெட்டும் ஒன்றே. மலையை அறுத்துக் கல் விற்கும் தொழிலும் இங்கு மிகுதி. இலண்டன் ஏடுகளைப் பகைவன் எரித்தான்; நம் ஏடுகளை நாமே புதைக்கின்றோம்.

செய்யவேண்டுவது பெரிதன்று. ஊர்ப்புறத்தில் உருவமோ எழுத்தோ உள்ள கல்லைக் கண்டால் பெயர்க்காதீர்கள். சுண்ணமும் வண்ணமும் பூசாதீர்கள். நின்ற இடத்தையும் ஊர்ப்பெயரையும் குறித்து, படம் எடுத்து, தொல்லியல் துறைக்கோ கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கோ அறிவியுங்கள். 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் நூலை ஊர் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர்க்கு வட்டெழுத்துக் கற்பியுங்கள். சின்னாள் பயிற்சியில் எழுத்துகள் கைவரும்.

பாட்டன் பெயரைத் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டா. ஏரிக்கரைக்குச் செல்லுங்கள், புதரை விலக்குங்கள், அவன் அங்கே வில்லேந்தி நிற்கின்றான். தன் பெயரை அவன் எழுதி வைத்துவிட்டான். படிக்க வேண்டியவர் நாமே.

வாழ்க தமிழ்!