புதிய பற்றரி வாங்குமுன் தொடுப்புகளைப் பாருங்கள்



ஊர் திரும்பியதும் கூரை, கிணறு, வேலி என்று உங்களுக்கு வேலைகள் பல. அவற்றோடு, நின்றுபோன மோட்டார் சைக்கிளையோ உழவு இயந்திரத்தையோ ஓட வைக்கவும் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவும் வயலை உழவும் அதுதான் கைகொடுக்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வாகனம் பற்றைக்குள்ளோ, கண்ணிவெடி அகற்றி முடியாத காணியிலோ நின்றால் கிட்டப் போகாதீர்கள். கிராம அலுவலரிடம் அறிவியுங்கள். பாதுகாப்பான இடம் என்று உறுதியான பின்பே கை வையுங்கள்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், லைற் மங்குகிறது. உடனே, பற்றரி முடிந்துவிட்டது என்று உதவிப் பணத்தில் புதியது வாங்கிவிடாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற பற்றரி தானாகவே இறங்கும். முதலில் அதைச் சார்ஜ் பண்ணிப் பாருங்கள். அதன் பின்பும் அப்படியே என்றால் தொடுப்புகளைச் சந்தேகியுங்கள்.

துருவும், பற்றரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியும், எலி கடித்த வயரும் மின்சாரத்தைத் தடுக்கும். உழவு இயந்திரத்தின் ஸ்ராட்டர் 100 அம்பியருக்கு மேல் இழுக்கும். தொடுப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். ஆனால் ஸ்ராட்டர் சுற்றாதபோது அளந்தால் மீற்றர் முழு 12 வோல்ற்றையும் காட்டும். அதை நம்பி ஏமாறாதீர்கள். சுமை ஏறும்போதே அளக்க வேண்டும்.

கியரை நியூற்றலில் விட்டு, பிரேக்கைப் போடுங்கள். மீற்றரை டீசி 20 வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் பிடியுங்கள். வேறொருவர் ஸ்ராட் பண்ணட்டும். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் தொடுப்புப் பிழை. இதேபோல் பொசிற்றிவ் முனைக்கும் ஸ்ராட்டருக்கும் இடையிலும் பாருங்கள். இரண்டும் சரியாயிருக்க, ஸ்ராட் பண்ணும்போது பற்றரி 10 வோல்ற்றுக்குக் கீழ் விழுந்தால், பற்றரியைக் கடையில் சோதிப்பியுங்கள். பற்றரியும் விழவில்லை என்றால் ஸ்ராட்டரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மீற்றர் இல்லாதவர்களும் பார்க்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் லைற்றும் மங்கலாக எரிந்தால், பின்பக்க ஏர்த்தைப் பாருங்கள். லைற்றைப் போட்டுவிட்டு வயர்களை மெல்ல அசையுங்கள். மினுங்கும் இடத்தில்தான் பிழை.

திருத்தும்போது நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியாகப் பூட்டுங்கள். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். குப்பி விளக்கும் பீடியும் கிட்ட வேண்டாம். வெள்ளைப் பொடியை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின் கிறீஸ் பூசுங்கள். வயரை முறுக்கி ரேப் சுற்றுவதோடு விடாமல் ஈயம் வைத்து ஒட்டுவியுங்கள்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளையோ செப்புக் கம்பியையோ வைக்காதீர்கள். வயர் பற்றி வாகனமே எரியும். அதே அம்பியர் பியூஸையே போடுங்கள்.

ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால், பற்றரிக்குப் போகும் காசு விதைநெல்லுக்கு மிஞ்சக்கூடும்.