விலகியவரும் விடை கூற வேண்டியவரும்



சர்க்கார் கோப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்ப்பது என் அலுவல். அக்கோப்புகளில் ஒரு வாக்கியம் ஓயாமல் வரும்: ‘இவ்வாறு முடிவு செய்யப்பட்டது’ என்று. தமிழ் வினைச்சொல்லின் இயல்போ வேறு. செய்தேன், செய்தோம், செய்தார் என்னும்போதே, செய்தவர் யார் என்பதைச் சொல்லின் இறுதி காட்டிவிடும். கோப்பின் வாக்கியத்தில் முடிவு இருக்கும். முடிவு செய்தவர் இரார். இலக்கணத்தில் இது சிறு செய்தி; ஆட்சியில் பெரிய கேள்வி. செல்வாக்கு மிக்க ஆலோசகர் ஒருவர் ராஜிநாமாச் செய்யும்போதெல்லாம் இக்கேள்வியே தலைதூக்குகிறது. முடிவு செய்தவர் யார்? அதற்கு மக்களிடம் விடை கூற வேண்டியவர் யார்?

நம் அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு, மந்திரிசபை முழுவதும் கூட்டாக மக்கள் சபைக்குப் பொறுப்புடையது என்று விதிக்கிறது. மந்திரியை நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். மந்திரியின் அருகிலிருக்கும் ஆலோசகரை அவ்வாறு கேட்க இயலாது. ஆனால் எந்தக் கடிதம் மந்திரியின் மேசைக்குச் செல்லும், எவர் அவரைக் காண்பார், எந்த யோசனை முதலில் அவர் காதில் விழும் என்பவை பலவேளைகளில் அந்த ஆலோசகர் கையில் இருக்கின்றன. அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் தங்கிவிடுகின்றன. இந்த இடைவெளியை நம் நாடு எவ்வாறு கையாண்டது என்பதற்கு, அடுத்தடுத்து நிகழ்ந்த இரு சம்பவங்கள் சான்று.

முதலாவது, முந்திரா விவகாரம். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் 1956இல் பிறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அது, ஹரிதாஸ் முந்திரா என்ற வணிகருடன் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்கு வாங்கியது. அந்தப் பணம் பாலிசிதாரர்களின் பணம். தந்தை மறைந்தால் குடும்பம் தவிக்கக்கூடாதே என்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்கள் சபையில் இதைக் கிளப்பினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். அந்த உறவு அவர் நாவைக் கட்டவில்லை.

பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா தனியொருவராக விசாரணை நடத்தினார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. மண்டபத்தில் இடமின்றி வெளியே நின்ற மக்களும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரியும், நிதி இலாகாவின் தலைமைக் காரியதரிசி எச். எம். பட்டேலும் சாட்சி கூறினர். பங்குகளை வாங்க மந்திரி இசைந்தாரா, இல்லையா என்பதில் இருவர் கூற்றும் ஒத்துப்போகவில்லை. தம் இலாகாவின் காரியதரிசி செய்த செயலுக்கு மந்திரியே அரசியல் சட்டப்படி பொறுப்பாவார் என்று நீதிபதி முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி பதவி விலகினார்.

இரண்டாவது சம்பவம் ஓராண்டுக்குள் நிகழ்ந்தது. எம். ஓ. மத்தாய் 1946 முதல் நேருவிடம் பணிபுரிந்தவர்; பிரதம மந்திரியின் விசேஷ உதவியாளர். மந்திரிகளும் அவர் தயவை நாடினர் என்று பேசப்பட்ட காலம் அது. பதவியின் செல்வாக்கால் அவர் பொருள் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டு பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் எழுந்தது. 1959 ஜனவரியில் அவர் ராஜிநாமாச் செய்தார். நேரு பாராளுமன்றத்தில் விளக்கம் தந்தார். ஆனால் சாக்ளா கமிஷனைப் போன்ற பகிரங்க விசாரணை நடைபெறவில்லை. மந்திரிசபைக் காரியதரிசியைக் கொண்டு சர்க்காருக்குள்ளேயே விசாரிக்கப்பட்டது.

இவ்விரண்டின் பின்விளைவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். திறந்த மன்றத்தில் கேள்விகளை எதிர்கொண்ட இருவரின் பொதுவாழ்வும் அத்துடன் முடிந்துவிடவில்லை. கிருஷ்ணமாச்சாரி 1962இல் மீண்டும் மத்திய மந்திரிசபையில் இடம்பெற்றார். பட்டேல் 1977இல் தாமே நிதி மந்திரியானார். மத்தாயின் கதை வேறு. அவர் மீது சுமத்தப்பட்டது மெய்யா, பொய்யா என்று மக்கள் முன்னிலையில் ஆராயப்படவே இல்லை. 1978இல் அவர் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டு எத்தனையோ பேரைக் குறை கூறினார். அவர் எழுதியவற்றுக்கு மறுமொழி கூற நேரு அப்போது உயிருடன் இல்லை, 1964இலேயே மறைந்துவிட்டார். உரிய நேரத்தில் உரிய மன்றத்தில் கேளாத கேள்வி, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வம்பாக வந்து சேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ராஜிநாமா ஒரு விடை அன்று. குற்றம் செய்தவர் அதன்மூலம் தப்பிவிடலாம். குற்றமற்றவர் அதனாலேயே ஆயுள் முழுதும் சந்தேகத்தைச் சுமக்கலாம். பகிரங்க விசாரணை மக்களுக்கு மட்டும் உரிய பாதுகாப்பன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதுவே பாதுகாப்பு. ஆலோசகர் விலகினாலும், அவரைத் தெரிந்தெடுத்தவரும், அவர் சொற்கேட்டு நடந்தவரும் பதவியில் இருக்கத்தானே செய்கின்றனர்? அவர்கள் விடை கூறும்வரை கணக்கு முடிந்ததாகாது. வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து நம்புவது ஆள்பவன் கடமை என்றால், நம்பியதன் பயனுக்கு ஈடு கொடுப்பதும் அவன் கடமையே அன்றோ?

இன்று நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், சர்க்கார் அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையைக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் வழங்கியது. மத்திய சர்க்கார் அலுவலகமாயின் மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்; பொதுவாக முப்பது நாளில் விடை தரவேண்டும். மந்திரிசபையின் ஆலோசனைத் தாள்களுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. எனினும் முடிவு எடுக்கப்பட்டு விஷயம் நிறைவுற்றபின், வேறு விலக்குகளுக்கு உட்படாதவரை, முடிவையும் அதற்கான காரணங்களையும் வெளியிட வேண்டும் என்றும் அதுவே கூறுகிறது.

கரோல் பாக்கிலோ, மாதுங்காவிலோ, கல்கத்தாவிலோ வாழும் தமிழர், ‘நாம் வந்தேறிய ஊர், நமக்கேன் ஆட்சியின் வம்பு?’ என்று ஒதுங்குவது உண்டு. இன்ஷூரன்ஸ் தவணையும் வரியும் கட்டும்போது நாம் ஒதுங்குவதில்லையே! செலுத்துபவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆகவே, ‘முடிவு செய்யப்பட்டது’ என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும், ‘செய்தவர் யார்?’ என்று மரியாதையுடன், ஆனால் விடாது, கேட்போமாக. அவ்வாறு கேட்பவர் உள்ளவரைதான் ஆள்வோர் விடை கூறுவர்.