இத்தாலிய வினையும் எங்கள் தமிழ்ப் பாடமும்



டொக்டர் மேடை ஏறினால் சீனி, பிரஷர் என்று பயமுறுத்துவார் என்றுதானே நினைத்தீர்கள்? நாங்கள் இன்று பேசப்போவது இத்தாலிய வினைச்சொற்களைப் பற்றி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிறாள். ஓர் இரவு அவளுடைய மூன்று வயது மகன் விடாமல் சத்தி எடுத்தான். அவசர சேவைக்கு அழைத்து, 'சத்தி எடுத்தான்' என்று சொல்ல நினைத்தாள். அதற்கு வொ-மி-தொ என்று கடைசி அசையில் ஊன்ற வேண்டும். பதற்றத்தில் நம்முடைய பழக்கப்படி முதல் அசையில் ஊன்றிவிட்டாள். அப்படிச் சொன்னால் 'நான் சத்தி எடுக்கிறேன்' என்று பொருள். எத்தனை மாதக் கர்ப்பம் என்று கேள்வி வந்தது! பிள்ளை, பிள்ளை என்று அவள் கத்திய பிறகே விளங்கியது. இப்போது சிரிக்கிறோம். ஆனால் அந்த வயதில் உடம்பின் நீர் வற்ற அதிக நேரம் வேண்டாம். சேலைன் ஏற்றித்தான் தேறினான்.

பிறகு அவளோடு பேசும்போது எங்களுக்கு அசை பிரிப்பு நினைவுக்கு வந்தது. தம்புள்ளை பஸ் வரும்வரை வீதியோரம் கைதட்டிப் பிரிப்போமே! நா-லந்-தா, மூன்றும் நேர், ஆகவே நம்மூர் தேமாங்காய். மாத்-தளை கூவிளம். நமக்குக் குறில் நெடிலானால் பொருள் மாறும்: கல், கால். அவர்களுக்கு ஊன்றும் இடம் மாறினால் மாறும். 'பேசுகிறார்கள்' என்பது பர்-ல-னொ. முதல் அசையில் ஊன்ற வேண்டும். 'பேச' என்பதோ பர்-லா-ரெ. ஊன்றல் நடுவுக்குப் போய்விடுகிறது. நடுவிலோ முதலிலோ ஊன்றும் உயிர், அசை மெய்யில் முடியாவிட்டால், சற்று நீளும். அது நமக்கு நெடில்போலக் கேட்கும். கடைசியில் ஊன்றினால் நீளாது, அழுத்தி வெட்டிவிட வேண்டும். எழுத்தில் குறி கட்டாயம் வருவதும் அந்தக் கடைசி ஊன்றலுக்குத்தான். மற்றதெல்லாம் காதால் பிடிக்க வேண்டியது.

பிரிப்பிலும் ஒரு வம்பு. 'சுவாசிக்கிறேன்' என்பதை நாம் ரெஸ்-பீ-ரொ என்போம், நமக்கு ஒற்று முன் அசையோடு சேரும். அவர்கள் ரெ-ஸ்பீ-ரொ என்று பிரிப்பார்கள்.

நம் எ, ஏ வேறுபாட்டுக்கு இன்றைய எழுத்து வடிவைத் தந்தவர் இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் என்று படித்தோம். கடன் எங்கள் பக்கமும் இருக்கிறது.

தோழி இப்போது ஐம்பது வினைகளைக் கைதட்டிச் சொல்லிப் பதிவுசெய்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். இத்தாலிக்குப் போக ஆயத்தமாகும் தங்கச்சிமார் கேளுங்கள், அனுப்புகிறோம். பின்னால் அவளுடைய மகன் சிரித்துத் திருத்துவதும் கேட்கும்.