எல்லோருக்கும் 120/80 எப்படி வரும்?

(குடிமக்கள் சேவைகளும் சுகாதாரத் தரவுகளும் பற்றிய கூட்டம் ஒன்றில், பொது சுகாதாரப் புள்ளியியல் பணியில் உள்ள ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. கர்ப்பப் பதிவுக்காகவோ, வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்த அக்காவிடமோ, அரசு மருத்துவமனையில் சீட்டு போட்ட இடத்திலோ நீங்கள் கொடுத்த போன் நம்பர் எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இல்லை, ஆஃபர் முடிந்ததும் தூக்கிப் போட்ட சிம்மா? பதிலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'பொது சுகாதாரத்துக்கான தரவு அறிவியல் ஆய்வுத் திறனை வளரும் பகுதிகளில் உருவாக்குதல்'. அழைப்பிதழில் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் நேராக ஒரு கதைக்குப் போகலாம்.

சில வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பதிவுகளைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம்கூட காலி இல்லை. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ரத்த அழுத்தம் என்ற பத்திக்கு வந்தேன். 120/80. அடுத்தவருக்கும் 120/80. அதற்கடுத்தவருக்கும் அதேதான். இரண்டு மாதப் பதிவு முழுக்க இப்படி. ஒரு ஊரில் எல்லோருக்கும் 120/80 எப்படிங்க வரும்?

கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறுவது சாதாரண விஷயம் இல்லை. தாய்மார்கள் இறந்துபோவதற்கு ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெண்ணுக்கு 150/100 இருந்திருந்தால்கூட, அது கணினிக்குத் தெரிய வழியே இல்லை.

நேரில் போனேன். செவிலியர் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து பிரஷர் கருவியை எடுத்துக் காட்டினார். பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. "எழுதிக் கேட்டுட்டேதான் இருக்கேன் மேடம். அந்தக் கட்டத்துல நம்பர் போடாம அடுத்த பக்கத்துக்கே விடமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யாருக்குத் தலைவலி, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், போனார்களா இல்லையா, எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த தரவு அந்த நாற்பது பக்க நோட்டில்தான் இருந்தது.

அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. 'அளக்க முடியவில்லை' என்று சொல்ல இடமே கொடுக்காமல் படிவம் தயாரித்தது எங்களைப் போன்ற ஆட்கள்தான். பிறகு அந்தத் தெரிவைச் சேர்த்தார்கள். பதிவுகளில் ஓட்டை விழ ஆரம்பித்தது. எங்கெல்லாம் கருவி வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

ஆய்வுத் திறன் என்று நான் சொல்வது இதைத்தான். சர்வர் வாங்கிவிடலாம், மென்பொருள் வாங்கிவிடலாம். 'எல்லோருக்கும் 120/80 எப்படி வரும்' என்று கேட்கிற ஆள், பஸ் ஏறி அந்த ஊருக்கே போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளைக் கடையில் வாங்க முடியாது. வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துத்தான் உருவாக்க முடியும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1956-ல் அன்றைய மெட்ராஸில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் சேர்த்து மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் அதே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான, ஏழை வீடுகள். முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. 1959-ல் முடிவுகள் வெளிவந்த பிறகு உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்தது. கேள்வி இந்த ஊரின் கேள்வி, கணக்கும் இந்த ஊரில் எடுத்த கணக்கு.

அதே சென்னையில், 1999-ல் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உருவானது. மருத்துவப் புள்ளியியலுக்கென்று இருந்த ஒரு நிறுவனத்தையும், தொழுநோய்க் களப்பணி செய்துவந்த ஒரு பிரிவையும் இணைத்து உண்டாக்கியது அது. கணக்குப் போடுகிறவர்களும் ஊர் ஊராக நடக்கிறவர்களும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். இந்தச் சேர்க்கை ரொம்ப முக்கியம் என்பது என் எண்ணம். அங்கே களத் தொற்றுநோயியல் பயிற்சியும் நடக்கிறது. படிக்கிறவர்கள் பாதி நாள் வகுப்பறையில் இருப்பதில்லை, நோய் பரவுகிற இடத்தில் இருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. இந்த நிறுவனமும் மாநில காசநோய்ப் பிரிவும் சேர்ந்து செய்வது. டி.பி.யால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர், நோய் கண்டுபிடித்த முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் உடம்பு தாங்காமல் போய்விடுகிறது. அப்படியானால், கண்டுபிடித்த அன்றைக்கே 'இவர் ஆபத்தில் இருக்கிறார்' என்று யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது?

இங்கேதான் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. ஸ்கேன் கேட்கவில்லை, ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை. எந்த அரசு மருத்துவமனை ஊழியரும் பார்க்கக்கூடிய ஐந்தே விஷயங்கள். உயரமும் எடையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ., இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா.

பி.எம்.ஐ. 14-க்குக் கீழே போனாலே ஆபத்து. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கணக்கு. 14-லிருந்து 16 வரை இருந்து காலும் வீங்கியிருந்தால் அதுவும் ஆபத்து. மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், அல்லது தானாக நிற்க முடியவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அவரை உடனே படுக்கையில் சேர்த்து முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு பக்கத் தாள். அதோடு 'டி.பி. சேவா' என்ற இணையச் செயலி.

தாளில் எழுதியது அங்கேயே கிடந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த அளவுகள் சேர்ந்தன. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் விவரங்களை வைத்து, ஒருவர் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். 2025-ல் அதை அதே செயலியில் சேர்த்தார்கள். தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணிப்பு 10 முதல் 50 சதவீதம் வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம்தான்.

'தீவிரம்னு தெரிஞ்ச பிறகு சதவீதம் எதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நோய் கண்டறிந்த பிறகு படுக்கையில் சேர்க்க சராசரியாக ஒரு நாள்தான் ஆகிறது. ஆனால் கால்வாசிப் பேருக்கு ஆறு நாள் வரை ஆகிவிடுகிறது. ஊழியர் முன்னால் 'தீவிரம்' என்ற சொல் மட்டும் இருப்பதற்கும், 'இரண்டில் ஒருவர் இறக்கும் நிலை' என்று எண் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த ஆறு நாளைக் குறைக்கத்தான் இவ்வளவு கணக்கும்.

வெளியில் தயாரித்ததை அப்படியே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? தாய்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் செயற்கை நுண்ணறிவை கூகுள் உருவாக்கியது. அதற்குப் பயன்பட்ட படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. ஆய்வில் அது நன்றாகவே வேலை செய்தது. தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்தபோது, முதல் ஆறு மாதத்தில் போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை 'தெளிவில்லை' என்று அதுவே தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சத்தைச் சரியாக மறைக்க முடியாதது ஒரு காரணம். இணைய வேகம் வேறு கழுத்தறுத்தது. தள்ளப்பட்டவர்கள் வேறொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதாயிற்று. இதைக் கண்டுபிடித்தது, கிளினிக்கில் செவிலியர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த ஆய்வாளர்கள். கணினித் திரையில் இது தெரிந்திருக்காது.

சரி, அந்த போன் நம்பர்.

தீவிர நிலையில் இருக்கிறார் என்று செயலி சொல்கிறது. மாவட்டத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை.' அந்த ஆறு நாளில் எத்தனை நாள் இப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் வேண்டுமென்றே தப்பான நம்பர் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வராந்தாவில் பத்துப் பேர் நிற்கும்போது, "டி.பி.யா? நம்பர் சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்டால் யார் சொல்வார்கள்? கல்யாணம் ஆக வேண்டிய பெண் சொல்வாளா? இந்தப் பழக்கத்தை எங்கள் பக்கம்தான் மாற்ற வேண்டும். நீங்களும் தயங்காமல், "கொஞ்சம் தனியா சொல்றேங்க" என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-ல் சட்டமே வந்துவிட்டது.

இதில் உங்கள் பணமும் இருக்கிறது. சிகிச்சையில் உள்ள டி.பி. நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகும் பணம். கணக்கு விவரத்தில் ஒரு எழுத்து பிசகினால் அது வராது.

கர்ப்பிணிகளுக்கு பிக்மி. இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம். அதில் கிடைக்கும் 12 இலக்க எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். அதனால் பெரும்பாலோர் அதைச் சான்றிதழுக்கான எண் என்றே நினைக்கிறார்கள். உங்கள் பிரஷர், எடை, ரத்த அளவு எல்லாம் அந்த எண்ணின் கீழேதான் சேர்கிறது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் ஊர் மாறும், சில சமயம் நம்பரும் மாறும். மாறினால் இரண்டு ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். கடைசி மாதவிடாய்த் தேதி நினைவில்லை என்றால் தோராயமாக ஒன்றைச் சொல்லாதீர்கள், 'தெரியவில்லை' என்றே சொல்லுங்கள். தேதியைக் கணிக்க ஸ்கேனில் வழி இருக்கிறது.

இன்னொன்று. அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது, எவ்வளவு வந்தது என்று கேட்டு உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கையில் பட்டை கட்டாமலே 120/80 என்று எழுதினால், "அக்கா, மிஷின் வேலை செய்யலையா?" என்று கேளுங்கள். கோபமாக வேண்டாம். அவரும் பேட்டரிக்கு எழுதிக் கேட்டுக் காத்திருப்பவராக இருக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கம்மா.